நாலு விரல் ஏரி

மைனி மூன்று கை அள்ளிக் குடித்துவிட்டு, போதாததற்கு ஒரு பாட்டிலிலும் பிடித்துக்கொண்ட ஏரி, அன்றைக்கே எங்கள் பின்னால் மலைவிளிம்பு தாண்டி இறங்கி வந்து, மறுநாள் காலை கீழ்க்கிராமத்துக் கால்பந்து மைதானத்தில், இரண்டு கோல் கம்பங்களுக்கும் நடுவே, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போலப் படுத்திருந்தது. இடம் போதாமல் பக்கத்து முட்டைக்கோஸ் தோட்டத்திலும் கொஞ்சம் காலை நீட்டியிருந்தது. கீழ்க்கிராமத்துக்காரர்கள் பல் தேய்த்தபடி வந்து பார்த்தார்கள், ஒருவர் காலை நனைத்துப் பார்த்து இது மலைமேல் இருக்கும் மேலூர்த் தண்ணீர்தான், இந்தக் குளிர் அதற்குத்தான் உண்டு என்று சொன்னார், இன்னொருவர் வீட்டுக்குப் போய்த் தூண்டிலை எடுத்து வந்தார். கோல் வலையில் எண்பது மீன் சிக்கியிருந்தது. மைதானத்து ஓரத்தில் கூடாரம் போட்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் தலையை நீட்டிப் பார்த்தபோது தண்ணீர் எங்கள் செருப்புவரைக்கும் வந்து நின்றிருந்தது.

நான் சண்முகவடிவு. அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் விசில் ஊதிய உடற்பயிற்சி டீச்சர். மைனி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டி. பெயர் உலகம்மாள், என்னைவிட நான்கு வயது மூத்தவள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அமையாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் இருபத்திரண்டாவது வயதில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள் அண்ணனுக்கு எவ்வளவு வந்தாளோ அவ்வளவு எனக்கும் வந்தாள். அண்ணன் போன பிறகு நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். முதலில் பொதிகை மலை, பிறகு குடகு, பிறகு இமயமலையடிவாரம் என்று இரண்டு முதுகுப்பை, ஒரு கூடாரம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, இட்லிப் பொடி ஒரு டப்பா என்று நாலு வருடமாய்ப் போய்க்கொண்டே இருந்தோம். ஊரில் பேசினார்கள். ஊர் என்றால் பேசத்தான் செய்யும்.

போகிற இடத்திலெல்லாம் மைனிக்கு ஒரு வழக்கம். ஆறோ குளமோ ஏரியோ எதைப் பார்த்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, மூன்று கை அள்ளிக் குடித்து, தலையில் தெளித்து, ஒரு பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வந்து எங்கள் வீட்டுக் கிணற்றில் ஊற்றுவாள். எங்கள் கிணற்றில் இல்லாத நதி கிடையாது என்று தெருவில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்படித்தான் சுமத்ரா தீவின் வடக்கே, எரிமலையும் ஏரியும் மாறி மாறி வருகிற அந்த மேட்டுநிலத்தில், தெலெங் நாரா என்ற மலையின் காலடியில் கிடந்த லாவ் மெலிங் ஏரியிலும் பிடித்தாள். அங்குள்ளவர்கள் அந்த ஏரியில் குளிப்பார்கள், துவைப்பார்கள், மீன் வளர்ப்பார்கள், குடிப்பதற்கு மட்டும் ஊற்றுக்குப் போவார்கள். அது ஏன் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.

எங்களோடு வந்த வழிகாட்டி வீராசாமி மேடான் நகரத்துத் தமிழர், நாலு தலைமுறைக்கு முன்னால் புகையிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவர்தான் மைதானத்து ஓரத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, பாட்டில்ல எதுவும் பிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"தீர்த்தம்தான்" என்றாள் மைனி. "ஒரே ஒரு பாட்டில்."

"குடிச்சீங்களா?"

"குடிக்காம?"

வீராசாமி முதுகுப்பைகளை எடுத்து வண்டியில் போட்டார். திரும்ப மேலேதான் போகணும் என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் மேலே ஏறினோம், எங்களுக்குப் பின்னால் ஏரியும் ஏறியது. வண்டிச் சத்தம் கேட்டு அது எழுந்து, மீன்கூண்டுகளையும் இரண்டு மூன்று படகுகளையும் சுமந்துகொண்டு, வளைவுகளில் நின்று நின்று மூச்சுவாங்கி வந்தது. எதிரே வந்த பேருந்துக்காரர் ஓரங்கட்டி வழிவிட்டு, ஏரி போன பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். மேலூரில் அதற்குள் காலி ஏரிப்படுகையில் ஊரே இறங்கித் தேடிக்கொண்டிருந்தது. மூன்று கல்யாண மோதிரம், ஒரு மோட்டார் சைக்கிள், தொலைந்துபோன தேவாலய மணியின் நாக்கு, ஒரு பல்செட் எல்லாம் கிடைத்த சந்தோஷத்தில் எங்களை யாரும் திட்டவில்லை, ஏரி வருகிறது என்று வீராசாமி ஹாரன் அடித்ததும் அவசரமாய்க் கரையேறி அதற்கு இடம் விட்டார்கள். இரண்டு ஊர்த் தேவாலயப் பெரியவர்களும் அன்று மாலையே உட்கார்ந்து பேசினார்கள். கோல் வலையில் சிக்கிய மீன் கீழ்க்கிராமத்துக்கு என்றும், நாசமான கோஸுக்கு மேலூர் கோஸ் கொடுக்கும் என்றும், ஏரிக்கே மனம் இருந்தால் ஆண்டுக்கொரு நாள் கீழே வந்துபோகலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு முதியவர் என்னிடம் தனியாய் வந்து, கல்யாணமாகிக் கடற்கரையில் இருக்கும் தன் மகளிடம் ஏரியை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா, அவள் அதை நினைத்து அழுகிறாளாம் என்று கேட்டார்.

ஏரியைப் பார்த்துக்கொள்வது நாண்டே ரூத்தின் பொறுப்பு. நாண்டே என்றால் அவர்கள் மொழியில் அம்மா. ரூத் என்ற பெண்ணின் அம்மா என்பதால் அந்தப் பெயர். ஐம்பது வயது இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பாள், கையில் எப்போதும் கத்தியால் கோடு கிழித்த ஒரு மூங்கில் இருக்கும். விடியற்காலையில் அந்த மூங்கிலைக் கரையில் ஊன்றி ஏரியை அளந்துவிட்டுத்தான் அவள் வேறு வேலை பார்ப்பாள். பாட்டிலை வாங்கி ஏரியில் கொட்டிவிட்டு, எங்களை மேலும் கீழும் பார்த்து அவள் சொன்னதை வீராசாமி தமிழில் சொன்னார்.

"இந்த ஏரி தன்னைப் பிரிஞ்சு இருந்ததே இல்லையாம் அக்கா. தன்னோட தண்ணி எங்க போனாலும் பின்னாலயே போகுமாம். ஊர்க்காரங்க குளிக்கிறப்ப வாயில போயிரும்தான், சந்தைக்குப் போவாங்க, சாயங்காலம் திரும்பிருவாங்க, அதுக்குத் தெரியும். திரும்ப வராத ஆள் கொண்டுபோனாத்தான் அது கிளம்பும்."

"அப்ப நாங்க திரும்ப வருவோம்னு சொல்லிருதோம்" என்றேன் நான். பள்ளிக்கூடத்தில் இப்படி எத்தனை சமாதானம் செய்திருப்பேன்.

நாண்டே ரூத் சிரித்தாள். வாயால் சொல்வதை அது கேட்காதாம், மனதில் இருப்பதைத்தான் கேட்குமாம்.

ஆகவே குடித்த ஏரியைத் திரும்பக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். எப்படி? வேர்த்துக் கொடுக்க வேண்டும். மலைவிளிம்புக்கு உள்ளேயே நடந்து, ஏறி, இறங்கி வேர்க்க வேண்டும், வேர்த்த துணியை ஏரியிலேயே அலச வேண்டும், புதர்ப் பக்கம் ஒதுங்குவதானாலும் விளிம்புக்கு உள்பக்கம்தான் ஒதுங்க வேண்டும், குடிக்க ஊற்றுத் தண்ணீர் மட்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றாள் நாண்டே ரூத், ஏனென்றால் தெலெங் நாரா எந்நேரமும் அந்த ஏரியில்தான் முகம் பார்த்துக்கொண்டிருக்கும், ஏரி இல்லாத ஒன்றரை நாளில் அது கோபித்துக்கொண்டு இருமி, ஊர்க் கோஸ் மேலெல்லாம் சாம்பலைத் துப்பியிருந்தது. ஏரி நிலைகொள்ளாமல் ஆடினால் முகம் சரியாய்த் தெரியாது, மலையும் இருமுவதை நிறுத்தாது. அறுவடைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அப்படித்தான் எங்கள் ஐந்து நாள் பயணம் நீண்டது. ஏரிக்கரையில் பைன் மரத்தடியில் கூடாரம். காலையில் நான் விசில் ஊதுவேன், மைனி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு எழுவாள், ஊர்ப்பெண்கள் வேலையை நிறுத்திக் கைதட்டி அனுப்புவார்கள். ஒரு நாள் ஏரியைச் சுற்றினோம், ஒரு நாள் வெந்நீர் ஊற்றுக்குப் போய் அதில் முட்டை அவித்துத் தின்றோம், ஒரு நாள் காப்பித் தோட்டங்கள் வழியே பக்கத்துச் சிகரத்தில் ஏறி மேகத்துக்குள் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தோம், நாலாம் நாள் தெலெங் நாரா மேலேயே ஏறினோம். கந்தகம் மஞ்சளாய்ப் பூத்து, பாறை இடுக்கிலெல்லாம் ஆவி சீறிக்கொண்டிருந்த அந்த எரிமலை வாயின் விளிம்பில் நின்று மைனி சாம்பலைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள், எனக்கும் பூசிவிட்டாள், சாம்பல்னா திருநீறுதானே என்றாள். அன்று முழுக்க மலை இருமவில்லை.

தினமும் சாயங்காலம் பரீட்சை. நாங்கள் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, நிஜமாகவே ஊருக்குப் போகிற நினைப்போடு, விளிம்பிலுள்ள கல்லைத் தாண்டிப் பத்து அடி வைக்க வேண்டும். ஏரி எங்களைப் பார்த்து எவ்வளவு நகர்கிறதென்று நாண்டே ரூத் மூங்கிலை வைத்து அளப்பாள். முதல் நாள் மூங்கிலில் இரண்டு கணு. இரண்டாம் நாள் ஒன்றரை. தெலெங் நாரா ஏறி வந்த நாள் ஒரு சாண். ஆறாம் நாள் நாலு விரல், ஊரே இன்னும் ஒரு நாள்தான் என்று பேசிக்கொண்டது, யாரோ வழியனுப்ப மீன் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏழாம் நாளும் நாலு விரல். எட்டாம் நாளும் நாலு விரல்.

ஏன் என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. முதலில் போட்ட திட்டப்படி ஊர் திரும்பிப் பதினெட்டாம் நாள் மைனிக்கு மெல்பர்னுக்கு விமானம். மகன் கோமதிநாயகம், வீட்டில் கோமு, வருடக் கணக்காய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், இவள் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள், இந்தமுறை மருமகள் முழுகாமல் இருக்கவும் சரி, வந்து உங்களோடேயே இருந்துடுதேன் என்று சொல்லிவிட்டாள். டிக்கெட் போக மட்டும். அந்த டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். போகாதீங்க மைனி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவளை எந்த உரிமையில் தடுப்பது, நான் யார், நாத்தனார்தானே. ஆனால் ஏரி முழுசாய்த் திரும்பாதவரை அவளால் அந்த மலையைவிட்டு இறங்க முடியாது. ஆகவே ஆறாம் நாளிலிருந்து தினமும் விடிவதற்குச் சற்று முன்னால், அவள் தூங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டு, டம்ளரை எடுத்துப்போய் நாணல் மறைவில் ஒரு வாய் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

ஊரார் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார்கள். காரமான மீன்குழம்பு வைத்துக் கொடுத்தார்கள், எங்களை மூன்று கம்பளி போர்த்தி அடுப்போரம் உட்கார வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்கள் வியர்வைக்காக ஒரு பாட்டும் பாடினார்கள். மைனி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பன்னிரண்டாம் நாளும் நாலு விரல்தான். கோஸ் இலைகளைப் பெண்கள் ஒவ்வொன்றாய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்குக் குடிக்கக் கூடாது என்று நினைப்பேன், மறுநாள் குடிப்பேன்.

பதிமூன்றாம் நாள் விடியலில் டம்ளரை முக்கி எடுத்தபோது, பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மைனி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே, பாறை மேல், ரப்பர் பூட்ஸ் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாண்டே ரூத் உட்கார்ந்திருந்தாள். அவள் முதலில் எனக்கு இரண்டு விரலைக் காட்டினாள், பிறகு மைனிக்கு இரண்டு விரலைக் காட்டினாள். அளக்கிறவளுக்கு ஆறாம் நாளே தெரிந்திருக்கிறது. அவள் எழுந்து, மூங்கிலை எடுத்துக்கொண்டு, கோஸ் தோட்டத்துப் பக்கம் ஒரு தடவை கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மைனி செருகியிருந்த முந்தானையை உருவிக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏளா வடிவு," என்றாள் மைனி, "நீ எதுக்குக் குடிச்ச?"

"நீங்க எதுக்குக் குடிச்சீங்களோ அதுக்குத்தான்."

"போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"இருக்கவான்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"பிரிண்டு எடுத்துக் கைல குடுத்தவகிட்ட என்னத்தக் கேக்க? எப்படா போவான்னு இருக்கா போலுக்குன்னு நெனச்சேன்."

முப்பத்தெட்டு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவள் என்னை இப்படியும் நினைத்திருக்கிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாய் வந்தது, அந்தக் கோபத்திலேயே அழுகையும் வந்தது. அவளும் அழுதாள். இரண்டு கிழவிகளும் ஏரிக்குள் கால் வைத்து உட்கார்ந்துகொண்டு அழுது தீர்த்தோம், இங்கனயே அழுதிரு, வெளிய போய் அழுதா ஏரி வந்துரும் என்று அவள் சொன்னாள், அழுகைக்கு நடுவே சிரித்தோம், திரும்ப அழுதோம். வாக்குக் குடுத்துட்டேன் வடிவு, பிள்ளத்தாச்சிப் பொண்ணு, போகாம இருக்க முடியாது என்றாள். தெரியும் என்றேன்.

அன்று நாங்கள் ஒரு சொட்டும் குடிக்காமல் தெலெங் நாராவின் உச்சி வரை ஏறி இறங்கினோம். சாயங்காலம் கல்லைத் தாண்டிப் பத்து அடி வைத்தோம், இருபது அடி வைத்தோம். நாண்டே ரூத் மூங்கிலைத் தூக்கி ஆட்டினாள். ஏரி அப்படியே கிடந்தது, மலை அதில் குனிந்து முகம் பார்த்துக்கொண்டிருந்தது, ஊரே கரையில் நின்று கைதட்டியது. சுட்ட மீனும் ஆரஞ்சுப் பழமும் கட்டிக் கொடுத்தார்கள். மைனி நாலைந்து தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்கூட அசையலயே" என்றாள். அவளுக்கு அது வருத்தம்தான்.

ஊருக்கு வந்த பிறகு நாட்கள் ஓடின. போகிற அன்று காலையில் பெட்டியெல்லாம் காரில் ஏறிய பிறகு, மைனி பின்கட்டுக்குப் போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, பித்தளைச் செம்பு நிறைய மொண்டு, நின்றபடியே செம்பு விளிம்புக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

மூன்றாம் நாள் கிணறு துவைக்கிற கல்லைத் தாண்டியிருந்தது. ஒரு வாரத்தில் முற்றத்துக்கு வந்துவிட்டது. தெருவில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. எதிர்வீட்டுச் சங்கரவடிவேல் தன் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திக்கொண்டார், பூக்காரி கிணற்றுச் சுவர் மேல் கூடையை வைத்து இளைப்பாறினாள், நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தெருவுக்கு வந்தால் மட்டும் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள் என்றார். அது போகிற போக்கிலேயே நானும் தண்ணீர் இறைத்துக்கொண்டேன். நாற்பத்தாறாம் நாள் அது வாசல் கேட்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நான் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு மைனிக்குப் போன் போட்டேன்.

அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை அழுகிற சத்தம். பேத்தி பிறந்து பத்து நாள்.

"மைனி, கிணறு வாசலுக்கு வந்துட்டு."

"எந்தப் பக்கம் பாத்து நிக்கி?"

"ரயிலடிப் பக்கம்."

குழந்தையின் அழுகை தணிந்தது. தட்டிக்கொடுக்கிறாள் போல.

"இவளுக்கு மொட்ட போட்டு, காது குத்தி முடியட்டும். கோமுகிட்டயும் சொல்லிட்டேன். அத அங்கனயே நிக்கச் சொல்லு வடிவு. நான் வாரேன்."

போனை வைத்துவிட்டு நான் போய்க் கிணற்றிடம் சொன்னேன். அது கேட்டதா என்று தெரியவில்லை. வாயால் சொல்வது அதற்குக் கேட்காது, மனதில் இருப்பதுதான் கேட்கும், மைனியின் மனதில் என்ன இருக்கிறதென்று அத்தனை தூரத்திலிருந்து எனக்கு எப்படித் தெரியும். சாக்கட்டியால் கிணற்றடியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தேன், தூக்கம் சரியாய் வரவில்லை, விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் வாசலுக்குப் போய்க் குனிந்து கைவைத்து அளந்து பார்த்தேன்.

நாலு விரல் பின்னால் போயிருந்தது.